2012-ல் வந்த அரசு லேப்டாப்: காயலான் கடைக்கா, டியூஷனுக்கா?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். 2012-ல் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. ஆன் செய்துவிட்டு அடுப்பில் பால் வைத்தால், பால் பொங்கி இறக்கிய பிறகுதான் திரை வருகிறது. தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, பாதி வெப்சைட் திறப்பதில்லை, பேட்டரி நிற்பதில்லை. வீட்டில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தமிழில் கேள்வித்தாள் டைப் செய்ய வேண்டும், பாட வீடியோ காட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை. கடையில் காட்டினால் “காயலான் கடையில போடுங்கம்மா” என்கிறார்கள். மாமா பையன் ரொம்ப லைட்டான லினக்ஸ் என்று பென் டிரைவில் ஏதோ கொண்டுவந்து ஓட்டிக் காட்டினான், எனக்கு ஒன்றும் புரியவில்லை, வைஃபையும் வரவில்லை. லினக்ஸ் போட்டால் இதற்கு உயிர் வருமா? இருப்பதிலேயே லைட்டானது எது?

பதில்:

வணக்கம் டீச்சர். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ், அதாவது விண்டோஸ் செய்யும் வேலையை இலவசமாகச் செய்யும் இன்னொரு மென்பொருள், ஏற்கெனவே இருந்திருக்கும். 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கிய காலத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்து, நம் மொழிகளில் வேலை செய்ய வேண்டும் என்றே உருவாக்கியது அது. ஆன் செய்ததும் இரண்டு பெயர் வரும், பிள்ளைகள் விண்டோஸை மட்டும் தொடுவார்கள். அப்புறம் ஒரு மாதத்துக்குள் “அண்ணா, படம் பார்க்க முடியல, நல்ல விண்டோஸா போட்டுக் குடுங்க” என்று எங்களைப் போன்ற கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாங்களும் கேட்ட காசை வாங்கிக்கொண்டு, லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டு வேறு விண்டோஸ் ஏற்றிக் கொடுப்போம். வேலூரில் நான் மட்டுமே அப்படி எத்தனை அழித்திருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. ஆக, உங்களுக்குப் பதில் சொல்வதில் கொஞ்சம் பழைய பாக்கியும் எனக்கு இருக்கிறது.

உயிர் வருமா என்றால், வரும். ஆனால் “இருப்பதிலேயே லைட்டானது எது” என்று தேட ஆரம்பித்தால் மாமா பையன் போய் நின்ற இடத்தில்தான் நீங்களும் போய் நிற்பீர்கள். உங்கள் மெஷினை இழுத்துப் பிடித்திருப்பது விண்டோஸ் மட்டும் இல்லை. பாதிக்கு மேல் பழி அந்த 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, ஒரு முள் அதன் மேல் அங்கும் இங்கும் ஓடி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைத் தேடி எடுக்கிறது. ஆன் ஆகும்போது பால் பொங்கும் வரை நீங்கள் காத்திருப்பது அந்த முள்ளுக்காகத்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய தட்டு என்றால் சில இடங்கள் தேய்ந்தும் போயிருக்கும், ஒரே இடத்தை நாலைந்து முறை படித்துப் பார்க்கும். இதன் மேல் எவ்வளவு லைட்டான லினக்ஸை ஏற்றினாலும் கொஞ்சம் வேகம் கூடும், அவ்வளவுதான்.

அதனால் என் கணக்கு இப்படி: முதலில் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டும் முள்ளும் இல்லாத டிஸ்க்), இரண்டாவது ரேம், மூன்றாவதுதான் லினக்ஸ்.

எஸ்எஸ்டி என்றால் 2.5 அங்குலம், சாட்டா வகை. 120 அல்லது 240 ஜிபி போதும், கேள்வித்தாளும் சில வீடியோவும் வைக்க அதற்கு மேல் எதற்கு? கடைக்காரர் எம்.2 என்று பட்டையாக ஒன்றை எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உங்கள் மெஷினில் அதற்கு இடம் இருக்காது. பழைய லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடாதே என்று யாராவது பயமுறுத்தலாம். ஓடாதுதான், ஆனால் உங்களுக்குத் தேவை அந்த உச்ச வேகம் இல்லை, முள் ஓடித் தேடும் நேரம் மிச்சமாவதுதான், அது எந்தப் பழைய மெஷினிலும் முழுசாகவே கிடைத்துவிடும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், அதனால் உள்ளே கொஞ்சம் ஆடும். சில எஸ்எஸ்டி கூடவே ஒரு பிளாஸ்டிக் சட்டம் தருவார்கள், இல்லையென்றால் பழைய டிஸ்க்கின் தகரச் சட்டத்தைக் கழற்றி இதற்கு மாட்டினால் போதும்.

எஸ்எஸ்டி மாற்றுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரியது. உங்கள் பழைய டிஸ்க் அப்படியே, ஒரு ஃபைல்கூடக் கலையாமல் வெளியே வந்துவிடும். லினக்ஸ் ஏற்றும்போது “டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு” என்று ஒரு வரி வரும். அதை அழுத்தினால் எந்த டிஸ்க் அழிகிறது என்று பார்க்காமல் அழுத்துகிறவர்கள் நிறையப் பேர், அதில் ஒரு காலத்தில் நானும் ஒருவன். ஆற்காட்டிலிருந்து வந்த ஒருவருடைய தங்கை கல்யாணப் படங்கள் முழுக்க அப்படித்தான் போயின. பாதியை மீட்டேன், பாதியை மீட்க முடியவில்லை, அந்தக் குடும்பத்தில் யாரையாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இன்றைக்கும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவேன். அன்றிலிருந்து பழைய டிஸ்க்கை மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்வது. நீங்களும் அதையே செய்யுங்கள். அப்புறம் அந்த டிஸ்க்குக்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி மாட்டினால் பள்ளிக்கூடக் காலத்துப் படங்கள் எல்லாம் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

ரேம். 2 ஜிபியில் ஆரம்பிக்கலாம், ஆனால் நிம்மதியாக இருக்க 4 ஜிபி வேண்டும். காரணம் பிரவுசர். எந்த லினக்ஸ் போட்டாலும் அது சில நூறு எம்பி எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும், நீங்கள் பிரவுசரைத் திறந்து யூடியூபுக்குப் போன அடுத்த நிமிடம் அது மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும். இன்றைய வெப்சைட்டுகளின் கனம் உங்கள் லேப்டாப் பிறந்த காலத்தில் இல்லை, அந்தக் கனத்தை எந்த லினக்ஸும் குறைக்க முடியாது. “200 எம்பியில் ஓடும்” என்ற பேச்சை நம்பி ஏமாறுவது இங்கேதான். அந்தக் காலத்து லேப்டாப்பில் டிடிஆர்3 ரேம் இருக்கும். அதிலேயே 1.5 வோல்ட்டில் ஓடுவது டிடிஆர்3, 1.35 வோல்ட்டில் ஓடுவது டிடிஆர்3எல். எல் எழுத்து உள்ளது பொதுவாக இரண்டு வகை மெஷினிலும் ஓடும், எல் மட்டும் கேட்கும் மெஷினில் சாதா டிடிஆர்3 போட்டால் திரையே வராது. இது புரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி ஒரு காகித உறையில் போட்டுக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள், லேபிளைப் பார்த்துக் கொடுப்பார்கள். கழற்றின ரேம் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ரேம் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் இல்லை. பழைய எஸ்எஸ்டியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எஸ்எஸ்டி, ரேம், கூலி எல்லாம் சேர்ந்து, நல்ல நிலையில் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். நான் எல்லா கஸ்டமருக்கும் வைக்கிற கோடு அது. ரேமை விட்டுவிட்டு எஸ்எஸ்டி மட்டும் போட்டால்கூட உங்கள் வேலை நடக்கும்.

இப்போது லினக்ஸுக்கு வருவோம். லினக்ஸில் பல வகை உண்டு, உங்களுக்கு லினக்ஸ் மிண்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு. 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். 22 வரிசை 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டோடு வரும். இதைவிட லைட்டானவை உண்டு. மாமா பையன் காட்டியது அநேகமாகப் பப்பியோ ஆன்டிஎக்ஸோ ஆக இருக்கும், இரண்டும் கெட்டிக்காரத்தனமான வேலைப்பாடு, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாள் சாயந்திரம் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்க ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்றால், உதவி தேடிப் பார்க்கும்போது பத்தில் எட்டுப் பதில் மிண்டுக்கும் அதற்கு அடிப்படையான உபுண்டுவுக்கும்தான் கிடைக்கும். கீழே இடது பக்கம் மெனு, அதை அழுத்தினால் பட்டியல் என்று விண்டோஸ் பழகின கைக்கு மிண்டில் வழி தெரியும். ரேம் கூட்டவே வழியில்லை, 2 ஜிபியிலும் மிண்ட் திணறுகிறது என்றால் மட்டும் ஆன்டிஎக்ஸுக்குப் போங்கள்.

மிண்டுக்கு 64 பிட் மெஷின் வேண்டும். உங்கள் விண்டோஸில் “32 பிட்” என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். அந்த லேப்டாப்புகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்த பதிப்பு, அதனால் மெஷினே 32 பிட் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2012 வாக்கில் வந்த பென்டியம், செலிரான் எல்லாம் 64 பிட் தாங்கும். மிண்ட் எழுதிய பென் டிரைவைச் (எழுதும் வழி கீழே) சொருகி ஆன் செய்து பாருங்கள், தாங்காவிட்டால் அதுவே திரையில் சொல்லிவிடும்.

மிண்ட் ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி. உங்கள் போன் டேட்டாவில் ஒரே நாளில் முடியாது, ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் போதும். ஃபைலை அப்படியே காப்பி செய்து பேஸ்ட் செய்தால் வேலை செய்யாது, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சின்ன மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் இருப்பது எல்லாம் போய்விடும். ஆன் செய்த உடனே எஃப்12-ஐத் தட்டுங்கள், சில கம்பெனி மெஷினில் எஃப்9 அல்லது எஃப்2. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மிண்ட் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓடும். பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போதே இப்படி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூடுகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகு எஸ்எஸ்டிக்குக் காசு கொடுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

வைஃபை வராமல் போனதற்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் லினக்ஸை விட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் பிராட்காம் சிப் இருக்கும், அதற்கான டிரைவரை (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) தனியாக இறக்க வேண்டும். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இருக்கும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதை ஒயர் இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜர் என்று இருக்கும், திறந்தால் அதுவே தேடி எடுத்துக் கொடுக்கும். ஒருமுறை செய்தால் போதும்.

தேதி பின்னால் போவது லினக்ஸ், விண்டோஸ் சமாச்சாரமே இல்லை. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி சிஆர்2032 என்ற பேட்டரி இருக்கும், அது தீர்ந்துவிட்டது. உங்கள் வெப்சைட்டுகள் பாதி திறக்காததற்கும் இது ஒரு காரணம், ஏனென்றால் ஒவ்வொரு சைட்டும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் காட்டும், உங்கள் லேப்டாப் இன்னும் பழைய வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு “இது செல்லாது” என்று திருப்பி அனுப்புகிறது. இன்னொரு காரணம் விண்டோஸ் 7. அதற்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்தது, 2023-லிருந்து குரோமும் அதற்குப் புதுப் பதிப்பு கொடுப்பதில்லை. கடையில் யாராவது விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்றால், அதுவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்த கதை, 11-ஓ உங்கள் மெஷினைப் பார்த்த உடனே வேண்டாம் என்றுவிடும்.

மூடியைக் கழற்றுகிற அன்றைக்கே காற்றாடியையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலும் புழுதியும் உங்களுக்குத் தெரியாததா? கத்திரி வந்தால் என் மேஜைக்கு வருகிற பாதி லேப்டாப்பில் காற்றாடிக்கும் செம்புக் குழாய்ப் பட்டைகளுக்கும் நடுவே தூசி சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வீட்டில் இருப்பவர்கள் “மெஷின் வயசாயிடுச்சு” என்பார்கள். தூசியை எடுத்து, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தால் அதற்கே ஒரு வித்தியாசம் தெரியும். ஊதுகிறவர் காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், விட்டால் அது தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் போய்விடும். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டாதீர்கள், டியூஷன் பலகை மேலேயே வையுங்கள்.

தமிழ் டைப்பிங்குக்கு மிண்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், அதோடு எம்17என் என்ற தொகுப்பு இரண்டையும் நிறுவி, இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அதில் தமிழ்99, ஒலிப்பெயர்ப்பு, பழைய தட்டச்சு மூன்றும் இருக்கிறது. போனில் அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியிருந்தால் ஒலிப்பெயர்ப்பில் ஆரம்பியுங்கள். ஆனால் நீங்கள் பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள் அடிக்கப் போகிறவர், ஒரு பத்து நாள் சிரமப்பட்டுத் தமிழ்99 பழகிவிட்டால் கை ஓடும். உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில், ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும்.

பழைய கேள்வித்தாள்கள் வானவில் எழுத்துருவில் இருக்குமே என்றால், இருக்கும். எந்த மெஷினிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய உதவும் யூனிகோட் முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டும் நம் டிடிபி கடைகளும் பள்ளிக்கூடங்களும் வானவில்லை விட்டபாடில்லை. அந்த எழுத்துரு ஃபைலை லினக்ஸிலும் நிறுவிவிட்டால் வேர்டு மாதிரியான லிப்ரெஆஃபீஸ் ரைட்டர் திறந்து காட்டும், அடிப்பதை மட்டும் இனி யூனிகோடில் அடியுங்கள். பிரிண்ட் எடுக்கப் போகும்போது பிடிஎஃப் ஆக மாற்றிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஜெராக்ஸ் கடையில் எந்த மெஷினில் திறந்தாலும் கட்டம் கட்டமாக வராது, கேள்வி எண்ணும் இடம் மாறாது. வீட்டில் சொந்தப் பிரிண்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும், லினக்ஸில் ஓடுமா என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீடியோவுக்கு ஃபயர்பாக்ஸ் போதும், மிண்டோடு சேர்ந்தே வரும். அதில் இரண்டு சின்ன இணைப்புகள் போடுங்கள். ஒன்று யூபிளாக் ஆரிஜின், விளம்பரத்தைத் தடுக்கும், பிள்ளைகள் முன்னால் கண்டதும் ஓடாது, பிரவுசரின் பாரமும் நன்றாகக் குறையும். இன்னொன்று ஹெச்264இஃபை. யூடியூப் இப்போது புது வகைச் சுருக்கத்தில் வீடியோ அனுப்புகிறது, அதை விரித்துக் காட்ட உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்குத் தெரியாது, பிராசஸர் மூச்சுத் திணறும். இந்த இணைப்பு பழைய வகையிலேயே அனுப்பச் சொல்லிவிடும். வீடியோ தரத்தை 480-ல் வையுங்கள், அந்தத் திரைக்கு அது போதும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டேப், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

அப்புறம் 2 ஜிபியிலேயே ஓட்டுவதாக முடிவு செய்தால் சாஃப்ட்வேர் மேனேஜரில் இசட்ரேம் என்று தேடி நிறுவிவிடுங்கள். பீரோவில் இடம் இல்லாதபோது புடவையை இன்னொரு மடிப்பு மடித்து அடுக்குகிற மாதிரி, ரேமில் இருப்பதையே சுருக்கி இடம் பண்ணும்.

கடைசியாகப் பேட்டரி. நிற்கவில்லை என்பது பிரச்சினை இல்லை, சார்ஜரிலேயே ஓட்டலாம், கரண்ட் போனால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது போகும், அதனால் அடிக்கடி சேவ் செய்யுங்கள். ஆனால் அந்தப் பேட்டரியை இன்றைக்கே கழற்றி ஒரு சமமான இடத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் உப்பியிருந்தாலும், ஆடினாலும் திரும்ப மாட்டாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ரேமைக் கடைக்கு எடுத்துப் போகும்போது அதையும் தனியாக ஒரு டப்பாவில் கொண்டுபோய் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.